பாடசாலைக்குள் போய் ஊருக்குத் திரும்பி வருவது: மட்டக்களப்பு, அம்பாறையில் கல்வி ஆய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

கல்வியியல் படிக்கும் இளமாணி, பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி மாணவர்களுக்கும், தன் வகுப்பறையிலேயே செயல்நிலை ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் வந்தாறுமூலையில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) படிக்கலாம், ஒலுவிலில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) படிக்கலாம், திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் பதிந்திருக்கலாம். வேலை ஒன்றுதான்.

பல வருடங்களாக இந்த வேலையைச் செய்தும், புதிதாக வருபவர்களோடு பாடசாலைகளுக்குப் போயும் வருகிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் புள்ளிவிபரத்தில் அல்ல, வேலையின் வரிசையில். ஆய்வை முடித்து, அறிக்கையைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் "இதை ஊருக்குச் சொல்ல வேண்டுமே" என்று யோசிக்கிறார்கள். அப்போது சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஊருக்குப் பயன்படும் கேள்வியை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் கடைசி வேலை முதலில் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்ட தலைப்பு, பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதம், ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்கான விண்ணப்பம், நீங்கள் போக நினைக்கும் பாடசாலைகளின் பட்டியல். இவற்றோடு ஒரு தடித்த கொப்பி. கணினி இருந்தாலும் கொப்பி வேண்டும். அதிபர் வாசலில் நின்று சொல்லும் ஒரு வசனம்தான் பல நேரம் ஆய்வின் திசையை மாற்றும். அது எந்த வினாக்கொத்திலும் வராது.

பணமும் நேரமும் கணக்கிடும்போது திரும்பிப் போகும் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவு எடுக்க ஐந்து தடவை போனால், முடிவைச் சொல்ல இரண்டு தடவையாவது போக வேண்டும். அதற்குக் காசு ஒதுக்காதவர் கடைசியில் போகமாட்டார். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

1. பெற்றோருக்கான ஒரு பக்கத் தாளை முதலில் எழுதுங்கள்

ஆய்வு முடிந்து பாடசாலை மண்டபத்தில் பெற்றோர் முன் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் ஒரு ஏ4 தாள். அதில் என்ன எழுதியிருக்கும்? முடிவு இன்னும் தெரியாததால் எண்கள் வரும் இடத்தை வெறுமையாக விட்டு, வசனங்களை இப்போதே எழுதுங்கள். உதாரணமாக: "தரம் 3இல் பத்துப் பிள்ளைகளில் ___ பேர் ஒரு சிறிய பந்தியைத் தாமாக வாசித்து விளங்கிக்கொள்கிறார்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ___ இடத்தில். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ___."

இந்த வெற்றிடங்களை நிரப்புவதற்கு என்ன தரவு வேண்டுமோ அதுதான் உங்கள் ஆய்வு. நிரப்ப உதவாத வினா எதுவும் வினாக்கொத்தில் வேண்டாம்.

இதைச் செய்யாதவர்களின் தலைப்பு "மாணவர் அடைவில் பெற்றோர் ஈடுபாட்டின் தாக்கம்" என்று இருக்கும். இந்தத் தலைப்பில் பெற்றோருக்கான வெற்றிட வசனம் ஒன்று எழுதிப் பாருங்கள். "நீங்கள் ஈடுபட்டால் பிள்ளை நன்றாகப் படிக்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அது அவர்களுக்கு முன்பே தெரியும்.

2. கேள்வியை ஒரு வகுப்பு, ஒரு திறன், ஒரு காலம் என்று சுருக்குங்கள்

எந்தத் தரம், எந்தத் திறன், எந்தத் தவணை. இந்த மூன்றும் ஒரே வசனத்தில் வரும்வரை வெட்டுங்கள். "பின்தங்கிய பாடசாலைகளின் கல்விப் பிரச்சினைகள்" என்று தொடங்கிய ஒரு மாணவி, மூன்று வாரம் வெட்டி, "தரம் 3 பிள்ளைகள் புதிய பந்தியொன்றை வாசிக்கும்போது எந்த எழுத்துகளில் நிற்கிறார்கள்" என்பதற்கு வந்தார். ஒருவரால் ஒரு வருடத்தில் உண்மையாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு அதுதான்.

3. ஊர் நாட்காட்டியைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்தப் படி முன்மொழிவில் வராது. ஆனால் தரவு கெடும் முதல் இடம் இதுதான்.

கார்த்திகை தொடங்கித் தை வரை மாரி. படுவான்கரையில் (மட்டக்களப்புக் களப்பின் மேற்குக் கரை) வீதிகள் தண்ணீருக்குள் போகும். சில கிராமங்களுக்குப் போகவே முடியாது. மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. வயல் வாடிகளில் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த நாட்களில் வகுப்பில் குறைவு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஊரே கோயிலில் நிற்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அவற்றின் தவணை நாட்காட்டியே வேறு. தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் உங்கள் மாதிரியில் இருந்தால் இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் திறந்திருக்கும் வாரங்களை மட்டும் குறியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்கள், தவணைப் பரீட்சை வாரம், பாடசாலை பரீட்சை நிலையமாகும் நாட்கள் ஆகியவற்றையும் விலக்குங்கள். மிஞ்சும் நாட்கள் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவான நாட்களை முன்கூட்டியே அறிந்தவர்தான் அனுமதிக் கடிதத்தை நேரத்தோடு அனுப்புவார்.

4. அனுமதியை மேலிருந்து கீழாக எடுங்கள்

முதலில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அங்கீகாரம். தரவு எடுத்த பிறகு இதைப் பெற முடியாது. வகுப்பில் பேப்பர் கொடுத்துவிட்டு வந்து விண்ணப்பித்தால் அந்தத் தரவு வீண்.

அடுத்தது, பாடசாலை யாருடைய நிர்வாகத்தின் கீழ் என்று பாருங்கள். தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம், அதன் கீழ் வலயக் கல்வி அலுவலகம். ஒரே வீதியில் இரண்டு வகைப் பாடசாலையும் இருக்கலாம், கடிதம் மட்டும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்.

வலயங்களை வரைபடத்தில் ஊகிக்காதீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மேற்கு, மட்டக்களப்பு மத்தி, கல்குடா, பட்டிருப்பு. இவற்றில் மத்தி வலயம் ஒட்டுமொத்தமான நிலப்பரப்பு அல்ல. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று துண்டு துண்டாக இருக்கிறது. படுவான்கரை எல்லாம் மேற்கு வலயம் என்று நினைத்து வெல்லாவெளிக்குக் கடிதம் எடுத்தவர்கள் உண்டு; அந்தப் பக்கம் பட்டிருப்பு வலயம். அம்பாறை மாவட்டத்தில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் பெரும்பாலும் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில்.

வலயக் கல்விப் பணிப்பாளரின் கடிதம் கையில் வந்த பிறகு கோட்டக் கல்விப் பணிப்பாளருக்குத் தெரிவித்து, கடைசியாக அதிபரிடம் போங்கள். கீழிருந்து தொடங்குவது சுலபமாகத் தெரியும். தெரிந்த அதிபர் "வாங்க, செய்யுங்க" என்று சொல்லிவிடுவார். பிறகு ஒரு நாள் வலய அலுவலகத்தில் இருந்து யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நமக்கு உதவிய மனிதரை அந்த நிலையில் நிறுத்தக்கூடாது.

அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வசனம் சேருங்கள்: "ஆய்வின் முடிவுகளை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பாடசாலையில் நேரில் விளக்க அனுமதி வேண்டுகிறேன்." இதற்குத் தனியாகப் பிறகு அனுமதி கேட்டால் இன்னொரு தவணை போய்விடும்.

5. மாதிரியைத் தெரிவுசெய்யும்போது தலைகளை எண்ணாதீர்கள், வகுப்புகளை எண்ணுங்கள்

"200 பிள்ளைகள் போதுமா சேர்?" என்பது எனக்கு அதிகம் வரும் கேள்வி. 200 பேரும் எத்தனை வகுப்பில் இருந்து வருகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம், ஒரே சூழலில் படிக்கிறார்கள். அதனால் அவர்களின் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த ஒப்புமை மாதிரியின் பலத்தை எவ்வளவு குறைக்கிறது என்று அறிய ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு வகுப்பில் எடுக்கும் பிள்ளைகளின் தொகையில் ஒன்றைக் கழித்து, ஒப்புமைக் கெழுவால் (ஒரே வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்; வரும் விடையால் மொத்தப் பிள்ளைகளின் தொகையை வகுங்கள். 8 வகுப்புகளில் 25 பேர் வீதம் 200 பேரை எடுத்து, கெழு 0.2 என்று கொண்டால், 24ஐ 0.2ஆல் பெருக்க 4.8, ஒன்றைக் கூட்ட 5.8. 200ஐ 5.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 34. அதாவது உங்கள் 200 பேருக்கு, தனித்தனியாக எடுத்த 34 பேரின் பலம்தான் உண்டு. இரண்டு பெரிய பாடசாலைகளில் கூட்டமாகப் பிள்ளைகளை எடுப்பதைவிட, பல பாடசாலைகளில் சில சில பேராக எடுப்பது ஏன் நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்ற பிரிவுகளில் (எந்தத் தரம்வரை, எந்தப் பாடப்பிரிவுகள் உண்டு என்பதை வைத்துப் பாடசாலைகளை அரசு பிரிக்கும் வகைகள்) இருந்து பாடசாலைகளைத் தெரிவுசெய்வது வழமை. அதோடு எழுவான்கரை (களப்பின் கிழக்குக் கரை), படுவான்கரை என்ற பிரிவையும் சேருங்கள். புதியவர்கள் பிரதான வீதியோரப் பாடசாலைகளையே எடுக்கிறார்கள், பஸ் இருக்கிறது என்பதற்காக. குருமண்வெளியில் பாதையில் ஏறி (இங்கே படகுச் சேவையைப் பாதை என்றுதான் சொல்வோம்) மண்டூருக்குப் போவது சிரமம் என்று விட்டுவிட்டு, "மட்டக்களப்பு மாவட்டப் பிள்ளைகள்" என்று தலைப்பிடுவது சரியல்ல. போக முடியாவிட்டால் தலைப்பைச் சுருக்குங்கள்.

6. கருவியை இங்குள்ள பிள்ளைக்கும் வீட்டுக்கும் ஏற்பச் செய்யுங்கள்

ஆய்வில் அதிக நாள் செலவிட வேண்டிய படி இதுதான்.

பிள்ளைக்கான வினாக்கள். ஏறக்குறைய எல்லா வினாக்கொத்திலும் முதல் பக்கத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கோடு இருக்கும். ஒரு பாடசாலையில் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் அந்தக் கோட்டின் மேலேயே பேனையை ஓட்டி ஓட்டி, தாள் கிழியும்வரை நிறுத்தவில்லை. பக்கத்தில் போனபோது கையால் மறைத்துக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே அந்த வினாவை எடுத்துவிட்டோம்.

இங்கே தந்தை கட்டாரில் இருக்கலாம், பிரிந்து போயிருக்கலாம், இறந்திருக்கலாம். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய், அம்மம்மாவோ உம்மம்மாவோ வளர்க்கும் பிள்ளைகளும் உண்டு. "வீட்டில் உங்களை அதிகமாகப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளாலும் பதில் எழுத முடியும். தந்தையின் தொழில் உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே தேவைதானா என்று முதலாம் படியின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாகத் தேவைப்படாது.

பெற்றோருக்கான வினாக்கள். "முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கி "முற்றிலும் உடன்படவில்லை" வரையான ஐந்து புள்ளி அளவுகோலை ஒரு தாயிடம் நீட்டினால், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "எது போட்டா புள்ளைக்கு நல்லது மிஸ்?" பதில் பிள்ளையைப் பாதிக்கும் என்று அவர் நினைக்கிறார், அந்த நிமிடத்திலேயே அந்தப் பதில் தரவு அல்லாமல் போய்விடுகிறது. பிறகு குரொன்பாக் அல்பா (வினாக்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) வழமையாக ஏற்கும் 0.7ஐத் தாண்டினாலும் பயனில்லை. வினாவை யோசிக்காமல், சிலர் எல்லாவற்றுக்கும் "உடன்படுகிறேன்" என்றும் சிலர் எல்லாவற்றுக்கும் வேறொன்றும் போட்டுக்கொண்டு போவதும் அந்த எண்ணை உயர்த்தும்.

கருத்தைக் கேட்காதீர்கள், நேற்றைய நாளைக் கேளுங்கள். "நேற்று இரவு பிள்ளை எங்கே இருந்து படித்தது? பக்கத்தில் யார் இருந்தார்? எந்தக் கொப்பியை எடுத்தது?" நேற்றைய இரவு எவருக்கும் ஞாபகம் இருக்கும். வளைத்துச் சொல்லவும் இடம் குறைவு.

வாசிப்புச் சோதனை. பாடப்புத்தகப் பந்தியைக் கொடுக்கவே கூடாது. ஒரு முறை கொடுத்துப் பார்த்தோம். தரம் 3 சிறுமி ஒருத்தி தடையில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். பந்தியின் நடுவில் ஓர் இடத்தில் அவள் கை தாளின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டப் போனது. எங்கள் தாளில் மறுபக்கம் வெறுமை. பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லோடுதான் பக்கம் முடிகிறது. அவள் வாசிக்கவில்லை, ஞாபகத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அதே பந்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தனியாகக் காட்டிக் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

பந்தியைப் புதிதாக எழுதுங்கள். தோணி, வலை, களப்பு, வயல், மாடு என்று பிள்ளைக்குத் தெரிந்த பொருளாகவும், இதுவரை கேட்காத கதையாகவும் இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே பந்தி என்றால், ஒரு பக்கத்துக்கு மட்டும் பழக்கமான சொற்களைத் தவிருங்கள்.

"நிமிடத்துக்கு இத்தனை சொல்" என்ற ஆங்கில அளவுகளை எடுத்துத் தமிழுக்கு வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக வருவது தமிழில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல்லாக வரும். தமிழ்ப் பிள்ளை குறைவாக வாசிப்பதுபோல் ஒரு பொய்த் தோற்றம் கிடைக்கும். எழுத்துகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எத்தனை எழுத்துச் சரியாக வாசித்தது என்பது நமக்கு ஒத்துவரும் அளவு.

இன்னொன்று. "வந்துவிட்டான்" என்று எழுதியிருப்பதைப் பிள்ளை "வந்திட்டான்" என்று வாசித்தால் பிழை போடாதீர்கள். அந்தப் பிள்ளை வாசித்து, விளங்கி, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. "மழை" என்பதில் ழகரம் ளகரமாக ஒலித்தாலும் அப்படித்தான். இவற்றுக்குப் புள்ளித்தாளில் "பேச்சு வடிவம்" என்று தனி நிரல் வையுங்கள். "மழை"யை "மலர்" என்று வாசித்தால் மட்டும்தான் அது வாசிப்புப் பிழை. இந்த வேறுபாட்டைப் பதியாத ஆய்வு, மட்டக்களப்புப் பிள்ளையின் பேச்சையே பிழை என்று அறிக்கை எழுதிவிடும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

7. சம்மதத்தை இரண்டு இடத்தில் பெறுங்கள்

பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து, பிள்ளையின் சொந்த ஒப்புதல். இரண்டும் வேண்டும். பெற்றோர் ஒப்பமிட்ட பிறகும் பிள்ளை "எனக்கு வேணாம்" என்றால் விட்டுவிட வேண்டும்.

சம்மதப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அதை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தெரியாத பெற்றோர் அதை வெளியே சொல்லமாட்டார்கள். தாளை வாங்கி, பார்ப்பதுபோல் பார்த்து, ஒப்பமிடுவார்கள். எல்லோருக்கும் வாசித்துக் காட்டினால் யாரும் சங்கடப்படத் தேவையில்லை.

8. முன்னோடி ஆய்வை மாதிரிக்கு வெளியே செய்யுங்கள்

மாதிரியில் இல்லாத ஒரு பாடசாலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு செய்து பாருங்கள். புள்ளியைவிட நேரத்தையும் முகத்தையும் கவனியுங்கள். எந்த வினாவில் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறது? அந்த வினா விளங்கவில்லை, திருத்துங்கள். இரண்டு பேர் ஒரே பிள்ளையைத் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

9. பாடசாலையில் ஒரு நாள்

7.30க்கு மணி அடிக்கும் முன் அங்கே நில்லுங்கள். காலைக் கூட்டம் முடிந்தவுடன் அதிபரைச் சந்தித்து, வகுப்பாசிரியரிடம் நேரம் கேளுங்கள். இடைவேளைக்கு முன் சிறிய வகுப்புகளை முடித்துவிடுவது நல்லது. 12 மணிக்கு மேல் வெயிலும் பசியும் பிள்ளையின் வாசிப்பைக் குறைக்கும். நீங்கள் அதைத் திறன்குறைவு என்று பதிவீர்கள்.

வாசிப்புச் சோதனையை வகுப்புக்கு வெளியே, ஆனால் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். வேம்பின் கீழ் ஒரு வாங்கு போதும். மூடிய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. காரணம் பிள்ளையின் பாதுகாப்பு.

வரவு இடாப்பைப் பார்க்க அனுமதி கேட்டு, அன்று வராத பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறியுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைதான் அடிக்கடி வராமல் நிற்கும். அன்று வந்தவர்களை மட்டும் அளந்தால் வகுப்பு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். இன்னொரு நாள் திரும்பிப் போய் வராதவர்களையும் பாருங்கள். அந்த இரண்டாம் பயணத்தை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஆனால் நாம் தேடும் பிள்ளை அன்றைக்குத்தான் கிடைக்கும்.

10. எண்களைச் சொல்லும்போது

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் எல்லாச் சோதனையையும் செய்து தரும். செய்யலாமா என்பதை அது சொல்லாது. கை வர்க்கச் சோதனையில் (இரண்டு வகைப்படுத்தல்களுக்கு இடையே தொடர்பு உண்டா என்று அட்டவணையில் பார்க்கும் சோதனை) எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் குறையும் பெட்டிகள் நிறைய இருந்தால் அந்த முடிவை நம்பாதீர்கள், பிரிவுகளைச் சேருங்கள்.

12 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 8.3 சதவீதம். "25 சதவீதமானோர்" என்று எழுதினால் பெரிதாகத் தெரியும், ஆனால் அது மூன்று பிள்ளைகள். சிறிய வகுப்புகளுக்கு எண்ணிக்கையையே எழுதுங்கள்.

11. பெயரை மறைப்பதோடு நிறுத்தாதீர்கள்

"பாடசாலை அ", "பாடசாலை ஆ" என்று எழுதிவிட்டு, கீழே "களப்போரத்தில் உள்ள, தரம் 5 வரை மட்டும் கொண்ட, 43 பிள்ளைகள் படிக்கும் பாடசாலை" என்று விபரித்தால் வலயத்தில் எல்லோருக்கும் அது எதுவென்று தெரியும். தரம் 3க்கு அங்கே ஒரே ஆசிரியர்தான் என்றால் ஆசிரியரும் தெரிந்துவிடுவார். எண்ணிக்கையை "50க்குக் குறைவு" என்றும், இடத்தைக் கோட்ட மட்டத்தோடும் நிறுத்துங்கள்.

பெயரும் குறியீட்டு எண்ணும் சேர்ந்த பட்டியலை மற்றத் தரவோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இது நம் கடமை.

12. முடிவைத் திருப்பிக் கொடுங்கள்: ஆசிரியர், பெற்றோர், வலயம், பிறகுதான் வெளியுலகம்

இந்த வரிசையை நான் ஒரு தவறில் இருந்து கற்றேன். ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டத்திலேயே முதல் தடவையாக முடிவைக் காட்டினேன். தரம் 3இன் வரைபடம் திரையில் விழுந்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கம் திரும்பினார்கள். அந்த வகுப்பின் டீச்சர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். மூன்று வகுப்புகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த விடயம் என் வரைபடத்தில் இல்லை.

ஆகவே முதலில் ஆசிரியர்கள். பாடசாலை முடிந்த பிறகு, அதிபரோடு சேர்த்து, தேநீரோடு உட்காருங்கள். எண்களை வைத்து, "இது ஏன் இப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை எழுதி, அறிக்கையில் சேருங்கள். பெற்றோர் முன் முடிவைச் சொல்பவரில் ஒருவர் அந்த ஆசிரியராகவே இருந்தால் மிக நல்லது.

அடுத்தது பெற்றோர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தோடு சேர்த்து நாள் கேளுங்கள். தனிக் கூட்டத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள். கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதல் நாள் அறிவித்தால் கடிதத்தைவிட நன்றாகப் போய்ச் சேரும். கூலிக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தைக் கேட்டு நேரம் வையுங்கள்.

கூட்டத்தில் சதவீதம் பேசாதீர்கள். நான் ஒரு பையில் புளியங்கொட்டை கொண்டுபோவேன். முன்னால் இருக்கும் ஒரு அம்மாவிடம் பத்துக் கொட்டையைக் கொடுத்து மேசையில் பரப்பச் சொல்வேன். "இது நம்ம தரம் 3 பிள்ளைகள் பத்துப் பேர். இதில் நாலைத் தள்ளி வையுங்க. அந்த நாலு பேருக்கும் புதுப் பந்தி வாசிக்கக் கஷ்டம்." அவர் நான்கையும் விரலால் தள்ளும்போது கூட்டம் அமைதியாகும். ஒரு முறை ஓர் அம்மம்மா எழுந்து வந்து, தள்ளிய நான்கையும் மற்றவற்றுக்குப் பக்கத்தில் திரும்பக் கூட்டி வைத்துவிட்டு, "இதுகளுக்கு என்ன செய்ய வேணும் சேர், அதைச் சொல்லுங்க" என்றார். அங்கே இருந்து கூட்டத்தை அவர்தான் நடத்தினார்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். முதலாம் படியில் எழுதிய தாளின் மூன்றாவது வெற்றிடம் அதற்காகத்தான். வாசிக்கத் தெரியாத பெற்றோராலும் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்: பிள்ளை வாசிக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பது, வாசித்த கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. "புத்தகம் வாங்குங்கள்" என்பதும் "ரியூசன் அனுப்புங்கள்" என்பதும் பதில் அல்ல.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு இரண்டு நிமிடக் குரல்பதிவு ஒன்றை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். பீ.டி.எஃப். கோப்பைத் திறப்பவர் சிலரே. குரல்பதிவைக் குவைத்தில் வேலை செய்யும் தாய் இரவில் கேட்டுவிட்டு, மகளுக்கு அழைத்து வாசிக்கச் சொல்வார். நானறிய அப்படி நடந்திருக்கிறது.

மூன்றாவது வலயம். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அந்தப் பாட ஆசிரிய ஆலோசகருக்கும் இரண்டு பக்கம். பாடசாலைப் பெயர் வேண்டாம். எந்த எழுத்துகளில், எந்தச் சொல்வகையில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதை மட்டும் கொடுங்கள். ஆசிரிய ஆலோசகரால் அதை அடுத்த பயிற்சி அமர்வில் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியும். பிரதியொன்றை தாழங்குடா கல்வியியற் கல்லூரி, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களுக்கும் கொடுங்கள். நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பத்திரிகை, வானொலி, முகநூல் எல்லாம் இதற்குப் பிறகு. "மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது" என்று தலைப்பு வரக்கூடும். செய்தியாளரிடம் பேசும் முன், மாதிரியின் அளவையும் எந்தத் தரம் என்பதையும் எழுதிக் கையில் கொடுங்கள். பிள்ளைகளின் படம் எதையும் கொடுக்காதீர்கள், முதுகுப்பக்கம் எடுத்த படமானாலும் சரி.

13. ஒரு தவணைக்குப் பிறகு

பட்டம் கிடைத்த பிறகும் ஒரு தடவை போங்கள். முன்பு தயாரிக்கும்போதே அதே கடினத்தில் இரண்டாவது பந்தி ஒன்றையும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் அதை வாசிப்பதைக் கேட்கலாம். இதற்கும் முதல் விண்ணப்பத்திலேயே அங்கீகாரம் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு பந்திகளையும் புள்ளித்தாளையும் அதிபரிடம் ஒரு கோப்பில் வைத்துவிட்டு வாருங்கள். பயன்படுத்தும் முறையை வகுப்பாசிரியருக்கு ஒரு பிள்ளையோடு செய்து காட்டுங்கள். அதன் பிறகு பெயர்ப் பட்டியலை அழித்து, அழித்த திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.